நரம்பு மாத்திரையை நிறுத்தும் முறை



விடியுமுன் பால்மரக் காட்டுக்குப் போகிறவர்கள் வீட்டிலும், செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் வீட்டிலும், வேலையை விட்டு ஓய்ந்து வாசலில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் வீட்டிலும் இன்று ஒரு மருந்துப் பை இருக்கிறது. அரிசி டின்னுக்கு மேலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ அது இருக்கும். அதற்குள் இரத்தக் கொதிப்பு மாத்திரை இருக்கும். இனிப்பு நீர் மாத்திரை இருக்கும். சில வீடுகளில் இவற்றோடு இன்னொரு சிறு மாத்திரையும் இருக்கும். அதை யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "நரம்பு மாத்திரை" என்பார்கள். அல்லது "தூக்க மாத்திரை" என்பார்கள். அந்தச் சிறு மாத்திரையைப் பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம். அதை எப்படிச் சாப்பிடுவது என்பதைப் பற்றியன்று. சாப்பிட்டுப் பழகியபின் எப்படி விடுவது என்பதைப் பற்றி.

முதலில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். இது ஒரே ஒரு வீட்டின் கதை அன்று. பல வீடுகளில் நடப்பதை ஒன்றாகச் சேர்த்துச் சொல்லுகிறோம். ஆகையால் பெயரும் ஊரும் வேண்டியதில்லை.

ஓர் அம்மையார். வயது 50ஐ நெருங்குகிறது. கணவர் இறந்த ஆண்டில் அவருக்குத் தூக்கம் போயிற்று. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், மரத்தருகே தனியே நின்றால் ஏதோ நடக்கப்போகிறது என்று பயம் வரும். தோட்டம் விற்பனைக்கு வரப்போகிறது, வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள் என்ற பேச்சும் அதே சமயத்தில் எழுந்தது. பட்டணத்துக் கிளினிக்கில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். டையாஸிபாம், 5 மில்லிகிராம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அன்று இரவே தூங்கினார். பல மாதங்களுக்குப் பிறகு வந்த தூக்கம் அது. அந்த மாத்திரையை அவர் தெய்வமாக நினைத்ததில் நாம் குற்றம் காண முடியாது.

இரண்டு வாரத்துக்கென்று வாங்கிய மாத்திரை நான்கு ஆண்டுகள் ஓடியது. அப்போது பட்டணத்தில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வந்தான். மருந்துப் பையைப் பார்த்தான். "அம்மா, இது பழக்கமாகிவிடும் மருந்து. இதைப் போய் இத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறீர்களே!" என்று சொல்லி, அத்தனையையும் சாக்கடையில் கொட்டினான். அம்மாவின் மேல் வைத்த அன்பினால்தான் கொட்டினான்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் தூக்கம் அடியோடு போயிற்று. ஒரு வாரத்தில் கை நடுங்கி, கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் தட்டு விழுந்தால் இவருக்குத் தலையில் அடித்தாற்போல் இருந்தது. விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்தியது. தோலின்மேல் எறும்பு ஊர்கிறது என்று கையைத் தட்டிக்கொண்டே இருந்தார். "நான் நானாக இல்லையடி" என்று மகளிடம் அழுதார். ஒருநாள், "எனக்கு வாழவே பிடிக்கவில்லை" என்றார்.

பக்கத்து வீட்டு அத்தை, இது காற்றுச் சேட்டை என்றார். கோயிலுக்கு அழைத்துப் போய் மந்திரித்தார்கள். இன்னொருவர் தாழ்ந்த குரலில், "தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் கொண்டுபோக வேண்டும் போலிருக்கிறது" என்றார். நம் மக்களிடையே அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே போதும், மற்றதெல்லாம் விளங்கிவிடும். 1911ஆம் ஆண்டு அங்கே மனநோய் மருத்துவமனை தொடங்கியது முதல், மூன்று நான்கு தலைமுறையாக அந்தப் பெயர் நம் பேச்சில் வசவாகவும் கேலியாகவும் வழங்கி வருகிறது. இந்தப் பயத்தினாலேயே எத்தனையோ பேர் மருத்துவரிடம் போகாமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். இன்று மனநலச் சிகிச்சை பெரும்பாலும் பொது மருத்துவமனைகளிலும் சுகாதாரக் கிளினிக்குகளிலும், மற்ற நோய்களுக்குப் போலவே, வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் முறையில் நடைபெறுகிறது.

கடைசியில் மகள் அம்மாவை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றாள். அங்கிருந்த பெண் மருத்துவர் அம்மையாரின் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "அம்மா இதற்குமுன் என்ன மருந்து சாப்பிட்டார்? அதை எப்போது நிறுத்தினீர்கள்?" அதுவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. வீட்டாரும் இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த அம்மையாருக்குப் பைத்தியமும் பிடிக்கவில்லை, பேயும் பிடிக்கவில்லை. நான்கு ஆண்டு சாப்பிட்ட மருந்தை ஒரே நாளில் நிறுத்தியதால் உடம்பு பட்ட பாடு அது.

ஏன் அப்படி ஆகிறது? நம் மூளைக்குள் காபா என்னும் ஒரு பொருள் இயற்கையாகவே வேலை செய்கிறது. லாரிக்குப் பிரேக் இருப்பதுபோல் மூளைக்கு அது பிரேக். பயமும் பரபரப்பும் அளவு மீறிப் போகாமல் அது பிடித்து நிறுத்துகிறது. நாம் பேசும் இந்த மாத்திரை அந்தப் பிரேக்கை இன்னும் அழுத்திக் கொடுக்கிறது. அதனால்தான் சாப்பிட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் மனம் அடங்குகிறது, தூக்கம் வருகிறது. ஆனால், தினமும் வெளியிலிருந்து ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொடுத்தால் மூளை என்ன செய்யும்? தன் சொந்தப் பிரேக்கைத் தளர்த்திக்கொள்ளும். வாரங்களும் மாதங்களும் போகப் போக இப்படித் தளர்ந்துவிடும். அந்த நிலையில் மாத்திரையைத் திடீரென்று எடுத்துவிட்டால், பிரேக் இல்லாத லாரி மேட்டிலிருந்து இறங்குவதுபோல் நரம்புகள் ஓடுகின்றன. மூளை தன் பிரேக்கை மீண்டும் இறுக்கிக்கொள்ளும். நிச்சயம் இறுக்கிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள் வேண்டும்.

இந்த மருந்துக் குடும்பத்தின் வரலாற்றையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியலறிஞர் அமெரிக்காவில், ரோஷ் மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்டுபிடித்தார். 1960இல் லிப்ரியம் என்ற பெயரிலும், 1963இல் வேலியம் என்ற பெயரிலும் கடைக்கு வந்தன. அதற்குமுன் இருந்த தூக்க மருந்துகளை அளவு கொஞ்சம் மீறிச் சாப்பிட்டாலே உயிர் போய்விடும். இவை அந்த அளவுக்கு ஆபத்தில்லாதவை என்று மருத்துவ உலகம் மகிழ்ந்தது. 1970களில் உலகிலேயே மிக அதிகமாக எழுதிக் கொடுக்கப்பட்ட மருந்துகளில் வேலியம் ஒன்று.

ஆனால் எச்சரிக்கை தொடக்கத்திலேயே வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. 1961ஆம் ஆண்டிலேயே ஹாலிஸ்டர் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய துணைவர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். லிப்ரியத்தைப் பெரிய அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்த நோயாளிகள் 11 பேருக்குத் திடீரென்று மருந்தில்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 10 பேருக்குப் புதிய தொல்லைகள் தோன்றின. இருவருக்கு வலிப்பே வந்துவிட்டது. அப்படியிருந்தும், 2 வாரம் முதல் 4 வாரம் வரைக்குத்தான் இதைக் கொடுக்கலாம் என்று பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு மருத்துவர்களுக்கு அறிவுரை கூறியது 1988இல்தான். சிங்கப்பூரில் சுகாதார அமைச்சு 2008இல் இதற்கென விதிமுறை வகுத்தது. நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின்கீழ் இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் எந்தக் கடையிலும் கொடுக்கலாகாது. யாராவது கைமாற்றாக விற்றால், அது நமக்குச் செய்யும் உதவி அன்று என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நம் வீட்டில் உள்ள மாத்திரை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மருந்துப் பையின்மேல் எழுதியிருப்பதைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். டையாஸிபாம், லோரஸிபாம், குளோனஸிபாம், பிரோமஸிபாம், அல்ப்ரஸோலாம், மிடஸோலாம் என்று, பெயரின் கடைசியில் "பாம்" அல்லது "லாம்" என்று முடிந்தால் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். வேலியம், அட்டிவான், லெக்சோட்டான், சானாக்ஸ் என்பவை இவற்றுக்கே கம்பெனிகள் வைத்த பெயர்கள். ஐயமிருந்தால் மருந்தைக் கையோடு கொண்டுபோய், கிளினிக்கில் மருந்து கொடுக்கும் இடத்தில் கேளுங்கள். இதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மாத்திரையின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. "என்னுடையது அரை மில்லிகிராம்தான், உன்னுடையது 5, அப்படியானால் என்னுடையது லேசானது" என்று இரு பெண்கள் பேசிக்கொண்டதுண்டு. உண்மை நேர்மாறானது. இங்கிலாந்தில் நியூகாசில் நகரில், 1982 முதல் 1994 வரை, இந்த மருந்துகளை விட விரும்பியவர்களுக்கென்றே ஒரு மருத்துவப் பிரிவை நடத்தியவர் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் அம்மையார். அவருடைய கணக்குப்படி, அல்ப்ரஸோலாம் அரை மில்லிகிராம் என்பது டையாஸிபாம் 10 மில்லிகிராமுக்குச் சமம். ஆகவே, "என்னிடம் தீர்ந்துவிட்டது, உன்னுடையதில் ஒன்று கொடு" என்று அக்கம்பக்கத்தில் மாற்றிக்கொள்வது மிகவும் ஆபத்தானது.

அந்த ஆஷ்டன் அம்மையார் 12 ஆண்டுகள் நோயாளிகளின் அருகில் இருந்து கற்ற பாடம் ஒன்றுதான். மெல்ல விடு. சாப்பிடுகிறவரே ஒத்துக்கொள்ளும் வேகத்தில் விடு.

மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல? பால் வெட்டுகிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. கத்தி ஒவ்வொரு முறையும் பட்டையை எவ்வளவு மெல்லியதாகச் சீவுகிறது! அவசரப்பட்டு ஆழமாக இறக்கிவிட்டால் மரத்தில் காயம் படும். பிறகு அந்த இடத்தில் பட்டை கட்டி கட்டியாக வளரும். மறுபடி அங்கே சரியாகக் கோடு போட முடியாது. மருந்தைக் குறைப்பதும் இப்படித்தான். இன்று மருத்துவர்கள் ஏறக்குறைய ஒப்புக்கொள்ளும் அளவு, அப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. அதைக் குறைத்தபின் 2 முதல் 4 வாரம் அதே படியில் நிற்பது. பிறகு அடுத்த படி. அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பல சேர்ந்து 2025இல் வெளியிட்ட வழிகாட்டியும், 2 வாரத்தில் கால் பங்குக்கு மேல் ஒருபோதும் குறைக்கலாகாது என்று கூறுகிறது.

நாம் சொன்ன அம்மையாருக்கு அந்த மருத்துவர் என்ன செய்தார்? முதலில் பழைய அளவு மாத்திரையையே திரும்பக் கொடுத்தார். மகன் முகம் சுளித்தான். "விட்டதை மறுபடி கொடுப்பதா?" என்றான். "இவர் விடவில்லை, தம்பி. நீங்கள் பிடுங்கினீர்கள். இனிமேல்தான் விடப்போகிறார்" என்றார் மருத்துவர். நடுக்கம் அடங்கியபின், ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் என்றிருந்ததை 9 ஆக்கினார். 2 மில்லிகிராம் மாத்திரையும் கடையில் உண்டு. அதில் பாதி 1 மில்லிகிராம். இப்படிச் சேர்த்தும் பாதியாக உடைத்தும் அளவை அமைத்துக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து 8. பிறகு 7. தீபாவளி மாதத்தில் குறைக்கவே இல்லை. அப்படியே நிறுத்தி வைத்தார். வீட்டில் வேலையும் கூட்டமும் அலைச்சலும் மிகுந்த மாதத்தில் குறைக்கத் தொடங்குவது அறிவுடைமை அன்று. சாவு நடந்த வீட்டுக்கும், வீடு மாறும் நேரத்துக்கும் இது பொருந்தும்.

பாதிக்கு மேல் குறைந்தபின் அந்த அம்மையார், "இனி என்ன டாக்டர், மிச்சம் கொஞ்சம்தானே? ஒரேயடியாக விட்டுவிடுகிறேன்" என்றார். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கையில் 10 வெள்ளி இருக்கும்போது 1 வெள்ளி தொலைந்தால் அது பெரிய இழப்பன்று. கையில் இருப்பதே 2 வெள்ளி என்னும்போது 1 வெள்ளி தொலைந்தால் பாதிப் பணம் போயிற்று. 10இலிருந்து 9க்கு வருவதும் 2இலிருந்து 1க்கு வருவதும் மூளைக்கு ஒன்றன்று. ஆகையால் கடைசிப் படிகளை இன்னும் சிறிதாக்க வேண்டும். அரை மில்லிகிராம் அளவில் குறைக்க வேண்டும். அந்த அம்மையாருக்கு முழுவதும் விட ஒரு வருடத்துக்கும் மேல் ஆயிற்று. சிலருக்கு இதைவிட விரைவில் முடியும். சிலருக்கு இன்னும் நாளாகும்.

இந்தக் கணக்கை அப்படியே உங்கள் வீட்டு மாத்திரைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அல்ப்ரஸோலாம், லோரஸிபாம் போன்றவை உடம்பை விட்டு விரைவில் வெளியேறுபவை. ஒரு வேளை தவறினாலே மறுநாள் தொல்லை தொடங்கும். வலிப்பு வரும் ஆபத்தும் மிகுதி. சிலருக்கு மருத்துவர் இவற்றை டையாஸிபாமாக மாற்றிவிட்டுப் பிறகு குறைப்பார். டையாஸிபாம் உடம்பில் பல நாள் தங்கிச் சிறிது சிறிதாக இறங்குவதால் அதிர்ச்சி குறையும். ஆனால் முதியவர்களுக்கும் ஈரல் பழுதுற்றவர்களுக்கும் அந்த மாற்றம் ஒத்துவராமல் போகலாம். சில மாத்திரைகள் வயிற்றில் மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவை. அவற்றை உடைக்கவே கூடாது. வலிப்பு நோய்க்காகக் குளோனஸிபாம் சாப்பிடுகிறவர்கள், பிள்ளை உண்டாகியிருக்கும் பெண்கள் ஆகியோர் மருத்துவர் சொல்லாமல் ஒரு துளியும் குறைக்கலாகாது, நிறுத்தவும் கூடாது.

குறைக்கும் காலத்தில் சிறு தொல்லைகள் வரத்தான் செய்யும். இரண்டு மூன்று இரவு தூக்கம் கெடும், வியர்க்கும், காரணமில்லாமல் கோபம் வரும், காதில் இரைச்சல் கேட்கும், தசை இழுக்கும். "பழைய வியாதி திரும்பிவிட்டது" என்று அப்போது தோன்றும். அநேகமாக அது பழைய வியாதியன்று. மருந்து இறங்குவதன் அடையாளம். எப்படி வேறுபடுத்துவது என்று கேட்பீர்கள். முன்பு ஒருபோதும் இல்லாத தொல்லைகள், அதாவது வெளிச்சம் கூசுவது, தோலில் ஊர்வது போன்றவை, குறைத்த சில நாளில் தோன்றி, அதே படியில் நின்றால் தணிந்துபோகுமானால் அது மருந்து இறங்கும் தொல்லைதான். அந்த மாதிரி நேரத்தில் அடுத்த படிக்குப் போகாமல், நிற்கும் படியிலேயே இன்னும் சில வாரம் நிற்கலாம். அது தோல்வியாகாது. மழைநாளில் மரம் வெட்டாமல் இருப்பதைத் தோல்வி என்றா சொல்கிறோம்?

ஆனால் சில அடையாளங்களைக் கண்டால் காத்திருக்கவே கூடாது. வலிப்பு வந்தால், இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தால், பேச்சு குழம்பினால், உயிரை விட வேண்டும் என்ற எண்ணம் எழுந்தால், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். 999ஐ அழைக்க வேண்டும். வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் வாயில் கரண்டியைச் செருகுவதும் நம்மிடையே இன்னும் போகவில்லை. சாவி வலிப்பை நிறுத்தாது. கரண்டி பல்லை உடைக்கும், மூச்சை அடைக்கும். ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, தலைக்கடியில் மடித்த துணியை வைத்து, அருகிலிருங்கள். அது போதும். மனம் தாங்காத நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால், சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி 15555 இருக்கிறது.

மதுவைப் பற்றி ஒரு வார்த்தை. மாத்திரையைக் குறைத்த இரவில் தூக்கம் வராதபோது, "ஒரு கிளாஸ் போட்டால் வரும்" என்று நினைக்கிற ஆண்கள் உண்டு. கள்ளும் சம்சுவும் பியரும் மூளையில் இதே பிரேக்கைத்தான் மிதிக்கின்றன. மாத்திரையோடு மதுவும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். காலையில் எழுப்பப் போனால் உடம்பு சில்லிட்டிருக்கும். மாத்திரைக்குப் பதிலாக மதுவைப் பிடித்துக்கொண்டால், ஒரு கயிற்றை அவிழ்த்து இன்னொன்றைக் கட்டிக்கொண்ட கதைதான். கடுமையான வலி மாத்திரைகளும் சில இருமல் மருந்துகளும் இவ்வாறே ஆபத்தானவை. அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

"அப்படியானால் விடாமலே சாப்பிட்டுவிட்டுப் போகிறேனே, எதற்கு இந்தத் தொல்லை?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வயது ஏற ஏற இந்த மருந்து உடம்பில் அதிக நேரம் தங்குகிறது. இரவில் ஒன்றுக்குப் போக எழுந்தவர் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோகிறது. பாட்டிக்கு மறதி வந்துவிட்டது, ஆளே மந்தமாகிவிட்டார் என்று வீட்டில் சொல்கிறார்கள். சில சமயம் அந்த மந்தத்தில் பாதி மாத்திரையால் வந்தது என்று குறைத்தபிறகுதான் தெரிகிறது. இளையவர்களோ மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். நீளக் கம்பில் அரிவாளைக் கட்டித் தலைக்கு மேலே குலை வெட்டுகிறார்கள். கண் அரைத்தூக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று நாம் சொல்லவேண்டியதில்லை. அதேசமயம், 80 வயதைக் கடந்தவருக்கு விடுவதா வேண்டாமா என்பதை அவரும் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். வீட்டிலுள்ள இளையவர்கள் சட்டம் போட வேண்டாம்.

வீட்டார் செய்ய வேண்டியது இன்னும் உண்டு. மளிகைக் கடையில் கொடுத்த தமிழ் நாட்காட்டியைச் சுவரில் மாட்டியிருப்பீர்கள். எந்தத் தேதி எவ்வளவு என்று அதிலேயே குறித்து வையுங்கள். மாத்திரைகளை வாரத்துக்கு வாரம் பிரித்து வைக்க ஒரு பிள்ளை பொறுப்பேற்கட்டும். ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் சாப்பிடட்டும். மத்தியானத்துக்குப் பிறகு காப்பியும் கெட்டித் தேநீரும் வேண்டாம். மாலையில் சேர்ந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். "இன்னுமா விடவில்லை?" என்று தினம் கேட்டுக் குத்த வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மருத்துவர் கொடுத்ததைக் கொடுத்த அளவில் சாப்பிட்டு வந்த ஒருவரைப் "போதைக்காரர்" என்று சொல்வது பெரும் அநியாயம். போதைக்காக மாத்திரையைத் தேடி அலைவது வேறு. உடம்பு ஒரு மருந்துக்குப் பழகிப்போவது வேறு. இந்த மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டால், ஒழுக்கமானவர் உடம்பும் பழகும், ஒழுக்கமில்லாதவர் உடம்பும் பழகும். அந்த அம்மையார் நான்கு ஆண்டும் ஒரு மாத்திரை கூட அதிகமாகச் சாப்பிட்டதில்லை. மகன் சொன்ன ஒரு சொல், மருந்து விட்ட தொல்லையைவிட அதிகம் வலித்தது என்று பின்னாளில் சொன்னார்.

மருந்து இறங்கியபின் பழைய கவலை அடியில் இருக்கத்தான் செய்யும். தோட்டம் விற்கப்பட்டால் எங்கே போவது என்ற கவலையை எந்த மாத்திரையும் தீர்த்து வைக்காது. அதைத் தொழிற்சங்கத்தோடும் உறவினரோடும் பேசித்தான் தீர்க்க வேண்டும். ஆனால் கவலை நோயாகவே முற்றியிருந்தால் அதற்கு வேறு சிகிச்சைகள் உண்டு. பயத்தை எப்படி எதிர்கொள்வது என்று ஆலோசகர் வாரந்தோறும் உட்கார்ந்து பேசிப் பழக்கும் முறை இருக்கிறது. தூக்கமின்மைக்கும் அது நல்ல பலன் தருகிறது. வேறு வகை மருந்துகளும் உண்டு. அவை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். பொறுமை வேண்டும், அவற்றையும் திடீரென்று நிறுத்தலாகாது. குடிமக்கள் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பொது மருத்துவரைப் பார்க்க 1 வெள்ளி போதும். மொழி தடையாக இருந்தால் மகளையோ மகனையோ துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். போகும்போது, "எனக்குத் தூக்கம் வரவில்லை" என்று மட்டும் சொல்லாமல், "இந்த மருந்தை இத்தனை வருடமாகச் சாப்பிடுகிறேன், மெல்ல விட விரும்புகிறேன்" என்று சொல்லுங்கள். முதல் வாக்கியத்தைக் கேட்டால் இன்னொரு மாத்திரைதான் வரும்.

அந்த அம்மையார் கடைசி அரை மில்லிகிராமை விட்ட அன்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. நாட்காட்டியில் மட்டும் குறித்து வைத்தார். பத்து நாள் கழித்து மகள்தான் பார்த்துக் கண்டுபிடித்தாள். இப்போதும் சில இரவுகளில் அவருக்குத் தூக்கம் வருவதில்லை. எழுந்து விளக்கைப் போட்டு, மறுநாளைக்கு வேண்டிய கீரையை ஆய்ந்து வைத்துவிட்டுப் படுக்கிறார். மீந்த மாத்திரைகளை இந்த முறை மகன் சாக்கடையில் கொட்டவில்லை. கிளினிக்கில் மருந்து கொடுக்கும் இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். மீந்த மருந்தை அங்கே வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டுப் பையிலும் பழைய மாத்திரைகள் கிடந்தால் அடுத்த முறை போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.